ஒரு பெல்ஜியம் பாட்டிலும் என் தாய்மாமனும்

பெல்ஜியம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நிலைக்கண்ணாடிதான். கல்யாணச் சீரில் பீரோ வந்தால், "பெல்ஜியம் கண்ணாடி பதிச்சது" என்று நாலு பேரிடம் சொல்லிக் காட்டுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஆளுயரக் கண்ணாடிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். போலம்பாக்கத்தில் 1955இல் பெல்ஜியத்து டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் தொழுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் மரத்தடியில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். எனக்கும் பெல்ஜியம் என்றால் இவ்வளவுதான். அந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு பெருமை உண்டு, அது பீர் என்பது எழுபது வயது தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் குடிக்கத் தூண்ட இதை நான் எழுதவில்லை. நான் ஐம்பது வருஷமாக மதுவைத் தொடாதவன். ஏன் தொடவில்லை, இப்போது ஏன் ஒரு தம்ளர் குடித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் கொஞ்சம் சரித்திரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அப்பா மில்லில் கணக்கு எழுதியவர். "எந்த ஊரு சோறு தின்னோமோ அந்த ஊருதான்" என்று எழுதிக் கொடுக்காமல் இருந்துவிட்டார். என் தங்கையைக் கட்டியவர் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் நான் தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, ஓய்வு பெற்று, இந்த அண்ணனூரில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். தங்கை மகன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான்.

போன ஜனவரியில் அவன் வந்தான். மீனம்பாக்கத்தில் இறங்கி நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தான். அத்தைக்கு சாக்லேட், எனக்கு முழங்கால் வலிக்கு ஒரு களிம்பு. அப்புறம் துணிக்கு நடுவிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். கனத்த கண்ணாடி, கம்பி கட்டிய தக்கை. 750 மில்லி.

"மாமா, இது உங்களுக்காகத்தான். பெல்ஜியம் மாதிரி செஞ்ச பீர். லீல் ஊருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஆலை."

என் மனைவி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த வயசுல இவருக்கு இது தேவையாப்பா?" என்றாள். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் நான் மாத்திரை சாப்பிடுகிறவன். நான் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். பிரெஞ்சு எழுத்து எங்கே கிடைத்தாலும் படிப்பது எனக்குப் பழகிப் போனது. 'ரெஃபெர்மான்தே ஆன் பூத்தேய்' என்று போட்டிருந்தது. பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளித்தது என்று அர்த்தம். கீழே 8.5 சதவீதம் என்று இருந்தது. கூடவே 'சுக்ர் கான்டி', அதாவது கற்கண்டு.

பீரில் கற்கண்டா என்று ஆச்சரியப்பட்டேன். அவன் விளக்கினான். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான கஞ்சி மாதிரி ஒன்று வரும். அதை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போடுவார்கள். உலகத்தில் எல்லா பீருக்கும் இதுதான் அடிப்படை. வெறும் பார்லியை அதிகமாகப் போட்டு வீரியம் ஏற்றினால் பாகு மாதிரி கனத்துப்போகும். பெல்ஜியத்துக்காரர்கள் ஒரு பங்கு சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை முழுவதும் தின்று சாராயமாக்கிவிடும், கனம் சேராது. அதனால் வாய்க்கு லேசாகவும், வீரியத்தில் பலமாகவும் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் லாகர் பீரைக் குளிர்ச்சியில் வைத்து மெதுவாகப் புளிக்கவைக்கிறார்கள். இதைக் கொஞ்சம் வெதுவெதுப்பில் புளிக்கவிடுவதால், அந்த ஈஸ்டே வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் உண்டாக்கும். சில வகைகளில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்களாம். கொத்தமல்லி விதை என்றதும் என் மனைவிக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

சொல்லின் பயணத்தையும் பாருங்கள். சமஸ்கிருதத்தில் கண்டம், பாரசீகத்தில் கந்த், பிரெஞ்சில் கான்டி. கரும்பும் சர்க்கரை காய்ச்சும் வித்தையும் மேற்கே போன வழியில் பெயரும் போயிருக்கிறது.

நான் குமாஸ்தா புத்திக்காரன். உடனே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 750 மில்லியில் 8.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 64 மில்லி சுத்த சாராயம். நம் ஊர் 650 மில்லி பாட்டில் சாதாரண பீரில், 5 சதவீதம் என்று வைத்தால், 32 அல்லது 33 மில்லி. டாஸ்மாக் 'குவார்ட்டர்' 180 மில்லியில், 42.8 சதவீதத்துக்கு, 77 மில்லி. ஆக, இந்த ஒரு பாட்டில் இரண்டு பீருக்குச் சமம், ஒரு குவார்ட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "இதை ஒருத்தனே குடிச்சா விழுந்துருவான்" என்றேன். "ஒருத்தன் குடிக்க மாட்டான் மாமா. மூணு நாலு பேர் ஒன்றரை மணி நேரம் வச்சுக்கிட்டுப் பேசுவாங்க" என்றான்.

பீரை ஏன் இவ்வளவு வீரியமாகச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை இரண்டு மாதம் படிக்க வைத்தது.

பெல்ஜியத்தில் சாமியார் மடங்களில் பீர் காய்ச்சுவது பழைய வழக்கம். வெஸ்ட்மால் மடத்தில் 1836இலிருந்தும், ஷிமே என்று பெயர் பெற்ற ஸ்கூர்மோன் மடத்தில் 1862இலிருந்தும் காய்ச்சுகிறார்கள். ஆனால் அந்நாட்டுத் தொழிலாளி பழைய காலத்தில் போதைக்குக் குடித்தது ஜெனீவர் என்ற தானியச் சாராயம். முதல் உலகப் போர் வந்தது. ஆக்கிரமித்த ஜெர்மன் படை பீர் ஆலைகளின் தாமிர அண்டாக்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிற்று. போர் முடிந்ததும் அரசில் நீதி அமைச்சரானவர் எமில் வாண்டர்வெல்ட். சோஷலிஸ்ட் தலைவர், தொழிலாளர் குடும்பங்கள் சாராயத்தால் அழிவதைப் பார்த்தவர். 1919 ஆகஸ்ட் 29இல் அவர் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. காபிக் கடை, மதுக் கடை எங்கேயும் சாராய வகைகளை ஊற்றிக் கொடுக்கக் கூடாது. கடையில் வாங்கிப் போவதானால் ஒரே தடவையில் குறைந்தது 2 லிட்டர் வாங்க வேண்டும். தினக்கூலிக்காரன் கையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் ஏது?

நன்றாகக் கவனியுங்கள். சாராயத்தை மூடினாரே தவிர, பீரை மூடவில்லை. சாராயத்தின் சூட்டைத் தேடியவனுக்கு ஆலைக்காரர்கள் வீரியமான பீரைக் கொடுத்தார்கள். பெல்ஜியம் பீர் பலமானதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கிய காரணம் என்கிறார்கள். மோர்ட்காட் என்ற ஆலை, போர் வெற்றியைக் கொண்டாட 'விக்டரி ஏல்' என்று ஒன்று செய்தது. ஸ்காட்லாந்திலிருந்து ஈஸ்ட் கொண்டுவந்து செய்தார்கள். அதைக் குடித்துப் பார்த்த ஒரு செருப்புத் தைப்பவர், "இது நிஜமாகவே பிசாசு" என்றாராம். 1923இலிருந்து பெயரே 'டூவெல்', அதாவது பிசாசு, என்று ஆயிற்று. அதுவும் 8.5 சதவீதம்தான். வெஸ்ட்மால் மடத்தின் 'டிரிப்பல்' 1934இல் அந்தப் பெயர் பெற்றது. அது இப்போது 9.5. வாண்டர்வெல்ட் சட்டம் 1980கள் வரை இருந்தது. அது போன பிறகும் பீர் நிலைத்துவிட்டது. 2016இல் யுனெஸ்கோ பெல்ஜியத்து பீர்ப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். பீர் நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக நீலகிரியிலும் பெங்களூரிலும் மதராஸிலும் சிறு ஆலைகள் இருந்தன. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அப்படிப்பட்ட ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் தொடங்கினார். ஏழைக்குக் கள்ளும் சாராயமும். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. கடையில் ரசீதுக்குக் கீழே கட்டுகிறோமே வரி, அதற்கு மூலம் அங்கேதான். 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுவதும் மூடினார்கள். கள், பீர், சாராயம், பிராந்தி எல்லாம் ஒரே பூட்டு. பர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும். உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் சீட்டு கொடுத்துப் பர்மிட் வாங்கிய பெரிய மனிதர்களின் ஃபைல்களை நான் வேலை பார்த்த அலுவலகத்திலேயே கண்டிருக்கிறேன். மூட்டை தூக்குகிறவன் பெயரில் ஒரு ஃபைலும் பார்த்ததில்லை.

1971 ஆகஸ்டில் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார். 1974இல் மறுபடி மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. இந்தத் தேதிகள் எல்லாம் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு. எனக்கு முக்கியம் 1974க்கும் 1981க்கும் இடைப்பட்ட காலம். அதில் 1975.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. வேலைக்குச் சேர்ந்து புரொபேஷன் முடியவில்லை. வில்லிவாக்கத்தில் தாய்மாமன் வீட்டில் ஒரு அறையும் ஒரு வாய் சோறும். மாமா மரச்சாமான் கடையில் பாலிஷ் போடுகிறவர். நல்ல கைக்காரர். அவர் துணிப்பொட்டலத்தால் தேய்த்த மேசையில் முகம் பார்க்கலாம். கடை திறந்திருந்த அந்த மூன்று வருஷமும் சனிக்கிழமை கூலி வாங்கினதும் ஒரு பாட்டில் பீர் வாங்குவார். வீட்டுத் திண்ணையில் வைத்து, அத்தை வறுத்துக் கொடுக்கும் கடலையோடு குடிப்பார். பழைய பாட்டு இரண்டு பாடுவார். தூங்கிவிடுவார். அவர் அத்தையைக் கை நீட்டி அடித்தோ, வாடகைப் பணத்தைத் தொட்டோ நான் பார்த்ததில்லை.

கடை மூடிய பிறகு சனிக்கிழமைகளில் முகம் வாடிப்போகும். நான் மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் போவேன். அங்கே மதுவிலக்கு கிடையாது. ஒரு தடவை கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ளே, வரும்போது ஒரே ஒரு பீர் பாட்டில் கொண்டாடா. துணிக்கு நடுவுல சுத்தி வச்சா எவன் பாக்கப் போறான்."

"மாமா, எல்லையில் பஸ்ஸை நிறுத்தி பையைப் பிரிச்சுப் பார்க்கிறாங்க. பிடிச்சா வேலை போயிடும்."

"சரிடா, விடு. உன் வேலைதான் முக்கியம்" என்றார். கோபமே இல்லை. அப்படிச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மாதம் புதுச்சேரியிலிருந்து அம்மா கொடுத்த முறுக்கோடு மட்டும் திரும்பினேன். அதற்கு மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை, கடையில் வேலை முடிந்ததும் மாமாவும் கூட வேலை செய்த இரண்டு பேரும் பாலிஷைக் குடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் 'வார்னிஷ் குடிச்சு செத்தான்' என்று பேப்பரில் அடிக்கடி வருமே, நினைவிருக்கிறதா? அதுதான். 'பிரெஞ்சு பாலிஷ்' என்று இங்கே பெயர். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்தது. அந்த ஸ்பிரிட்டைக் குடிக்கக் கூடாது என்பதற்காகவே மெத்தனால் என்ற விஷத்தைக் கலந்து விற்பார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் அதற்குப் பெயர் 'வெர்னி ஓ தாம்போன்'. பிரெஞ்சுக்காரன் பெயரை அவனுக்கே தெரியாமல் வைத்திருக்கிறோம்.

ஞாயிறு காலை எழுந்தவர் விளக்கைப் போடச் சொன்னார். விடிந்து வெயில் வந்துவிட்டது. "கண்ணு மூட்டமா இருக்குடா, பனி மாதிரி" என்றார். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் அதே மாதிரி இன்னும் சிலர் இருந்தார்கள். டாக்டர்கள் ஓடியாடிப் பார்த்தார்கள். திங்கள் இரவு போய்விட்டார். நாற்பத்தாறு வயது.

மெத்தனால் என்ன செய்கிறது என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் கண் நரம்பைத் தாக்கும். இதற்கு மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது நல்ல மதுவில் இருக்கிற அதே சாராயம். ஈரல் எத்தனாலை முதலில் எடுத்துக்கொள்ளும், விஷம் மாறாமல் கிடந்து மெள்ள வெளியேறும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தவன், ஒரு வாரம் அதைத் திறக்கவில்லை.

நான் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரா? இந்தக் கேள்வியை ஐம்பது வருஷம் கேட்டுக்கொண்டேன். நிதானமாக யோசித்தால், ஒரு பாட்டில் ஒரு சனிக்கிழமைக்குத்தான். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. நான் ஒருவன் எத்தனை சுமக்க முடியும்? புத்தி இப்படிச் சொல்கிறது. ஆனாலும் அன்றிலிருந்து யார் கொடுத்தாலும் ஒரு சொட்டும் தொட்டதில்லை. அலுவலக விருந்துகளில் 'காந்தியவாதி' என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வேன்.

சட்டம் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ராஜாஜி ஆனாலும் வாண்டர்வெல்ட் ஆனாலும், குடும்பப் பெண்களின் கண்ணீரைப் பார்த்துத்தான் போட்டார்கள். மதுவிலக்கால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அங்கே கதவை மூடினவர் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார், மக்கள் அந்த ஜன்னல் வழியே மெதுவாகக் குடிக்கப் பழகிக்கொண்டார்கள். இங்கே ஜன்னலையும் சேர்த்து அடைத்தார்கள். பர்மிட் உள்ளவனுக்கு மட்டும் கொல்லைக் கதவு. மற்றவன் பாலிஷ் டப்பாவைத் திறந்தான்.

சரி, இப்போதுதான் ஊரெல்லாம் கடை இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல் உயிர்கள். அதே மெத்தனால்தான். கடை திறந்திருந்தாலும், அந்த விலைக்கு வாங்க முடியாதவனுக்கு அது மூடிய கடைதான். 2 லிட்டர் வாங்கு என்ற பெல்ஜியம் சட்டத்தில் இருந்த அதே காசுக் கணக்கு. டி.வி.யில் அந்தச் செய்தி ஓடியபோது, "கண்ணு தெரியலைன்னு சொன்னார்" என்று ஒரு பெண் அழுதாள். எழுந்து போய் மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை எல்லாம் தங்கை மகனிடம் அன்று மாடியில்தான் சொன்னேன். கார் ஷெட்டுக்குப் போகும் மின்சார ரயில் ஒன்று கூவிவிட்டுப் போயிற்று. அவனுக்கு இந்தக் கதை தெரியாது. "அப்போ இது வேண்டாம் மாமா, எடுத்து வச்சிடறேன்" என்றான்.

"திற" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு நான் தாய்மாமன். துணிக்கு நடுவில் சுற்றி, எல்லை தாண்டி, சுங்கம் தாண்டி, மாமனுக்கு என்று ஒரு பாட்டில் கொண்டுவந்திருக்கிறான். வேண்டாம் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தக்கை சத்தத்தோடு வந்தது. அடியில் ஈஸ்ட் மண்டி தங்கியிருக்கும், கலங்காமல் ஊற்ற வேண்டும் என்று பாட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றினான். எனக்கு அரைத் தம்ளர். நல்லெண்ணெய் நிறம். மேலே மோர் கடைந்தது மாதிரி கெட்டி நுரை. மூக்கருகே கொண்டுபோனால் கனிந்த கற்பூரவள்ளிப் பழமும் கிராம்பும். வாயில் வைத்தவுடன் இனிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன், வரவில்லை. பொடிப்பொடியாகக் குத்தும் வாயு, கொஞ்சம் மிளகு, கடைசியில் நாக்கை உலர வைக்கும் ஒரு கசப்பு. விழுங்கிய பிறகு சுக்குக் கஷாயம் குடித்தது போல நெஞ்சில் ஒரு சூடு. 'பிசாசு' என்று அந்த செருப்புத் தைப்பவர் ஏன் சொன்னார் என்று புரிந்தது. குடிக்கும்போது சாது மாதிரி இருக்கிறது, பத்து நிமிஷம் கழித்துத்தான் காது மடல் சுடுகிறது.

அந்த அரைத் தம்ளருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மனைவி வேர்க்கடலை வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வில்லிவாக்கம் வீட்டு அத்தையை அவளுக்கும் தெரியும்.

மாமாவுக்கு இது பிடித்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தேன். "என்னடா, மருந்து மாதிரி இருக்கு" என்றிருப்பார். அவருக்கு ஐஸ் போட்ட சாதா பீர்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி, கண்ணாடியின் கனத்தைப் பார்த்து, லேபிளை விரலால் தடவியிருப்பார். எதையும் அப்படித் தடவித்தான் பார்ப்பார். பாலிஷ்காரர் கை.

எனக்கு இன்னொரு தம்ளர் வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தை அவனும் அவன் நண்பனும் முடித்தார்கள். ஊருக்குப் போகும்போது, "அடுத்த தடவை வேற ரகம் கொண்டாரட்டுமா மாமா?" என்றான். போதும், வேண்டுமானால் படிக்க ஏதாவது பிரெஞ்சுப் புத்தகம் கொண்டு வா என்றேன்.

அந்த வருஷங்களில் வார்னிஷ் குடித்துப் போனவர்களின் பெயர் நம் குடும்பங்களில் இருக்கும். 'காய்ச்சல்ல போயிட்டார்' என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம். தங்கைக்கே அவள் மகன் போன் செய்து சொன்ன பிறகுதான் தெரியும். அன்று ராத்திரி அவள் என்னைக் கூப்பிட்டு, "ஏன் அண்ணா இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பாடும் பாட்டில் ஒன்று அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.